சாமி சாப்பாட்டை வேணாம்னு சொன்னேன், ஏன்னு சொல்றேன்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிஞ்சு, ஒரு கோப்பி போட்டுக்கிட்டு பொறுமையா படிங்க. கோவம் வந்தா கீழே எழுதுங்க, நான் பதில் சொல்றேன்.

போன வெள்ளிக்கிழமை அன்னதானத்துல ஒரு சின்ன மனஸ்தாபம். நான் பந்தியில உக்காந்திருந்தேன். சாம்பார் வாளியோட வந்த அக்கா ரெண்டாவது கரண்டி ஊத்த வந்தாங்க. கையை வச்சு மறைச்சேன். முன்னாடியே ஊறுகாய் வேணாம், அப்பளம் வேணாம்னு சொல்லியிருந்தேன். அக்காவுக்கு முகம் மாறிடுச்சு. "சாமி சாப்பாடு தம்பி, வேணாம்னு சொல்லக் கூடாது, பாவம்"னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாங்க. நான் சிரிச்சு சமாளிச்சேன். அப்புறம் சமையல்கட்டுல, "அவருக்கு இப்பல்லாம் ரொம்ப பெருமை"ன்னு ஒரு பேச்சு ஓடினதா காதுக்கு வந்துச்சு.

அக்கா மேல எனக்குக் கோவமே இல்ல. ஏன்னா இருபது வருஷமா அதே வாளியைத் தூக்கிக்கிட்டு அதே வார்த்தையைச் சொன்னவன் நான். எத்தனை பேர் இலையில வற்புறுத்தி ஊத்தியிருப்பேன், எனக்கே தெரியாது.

விஷயம் இதுதான். எனக்கு ஹார்ட் ஃபெயிலியர். தமிழ்ல இதயச் செயலிழப்புன்னு சொல்றாங்க. கமிட்டியில நாலஞ்சு பேருக்கு மட்டும்தான் இது தெரியும். மத்தவங்ககிட்ட மறைச்சு வச்சேன். இனிமே மறைக்கப் போறதில்ல. ஏன்னா நம்ம கோயில்ல எனக்கு மட்டும் இந்த நோய் இல்ல. இந்த நோயோட நல்லா வாழ முடியும், ஆனா நம்ம கோயில் பழக்கம் சிலது அதுக்குக் குறுக்க நிக்குது. அதை மாத்தணும். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல என் கதை.

2022-ல ஆரம்பிச்சது. ஃபேக்டரியில என் மேசை மேல்மாடியில. ஒரு நாளைக்குப் பத்து தடவை ஏறி இறங்குவேன். அந்த வருஷம் பாதிப் படியிலயே மூச்சு வாங்க ஆரம்பிச்சது. வயசாயிடுச்சுன்னு நினைச்சேன். சாயங்காலம் சேஃப்டி ஷூவைக் கழட்டினா காலுறை போட்ட இடத்துல பள்ளம் விழுந்திருக்கும். நின்னுக்கிட்டே வேலை பாக்குறோம், அதான்னு நினைச்சேன். படுத்தா இருமல். ஒரு தலையணை ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு. கடைசியில ஹால்ல நாற்காலியில உக்காந்தபடியே தூங்கினேன். கேஸ்னு நினைச்சேன். ஒரு கிளினிக்லயும் கேஸ்ட்ரிக்னுதான் ரெண்டு தடவை மருந்து கொடுத்தாங்க. மூச்சு வாங்குது, கால் வீங்குதுன்னு நானும் அங்க சொல்லல. வயிறு உப்புசம்னு மட்டும்தான் சொன்னேன். முழுசா சொல்லாதது என் தப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை கோயில் பின்வாசல்ல 10 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக்கிட்டு நடந்தேன். சமையல்கட்டு வரைக்கும் போக முடியல. தரையில உக்காந்துட்டேன். மூச்சு வரல. பசங்கதான் காரைக் கொண்டாந்து அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனாங்க. (இதுவும் தப்புன்னு அப்புறம் தெரிஞ்சது. 999-க்கு அடிச்சு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கணும்.)

அங்க எக்கோ எடுத்தாங்க. வயித்துல பாப்பா பாக்குற ஸ்கேன் மாதிரியே, நெஞ்சுல வச்சுப் பாக்குறது. டாக்டர் சொன்னாங்க: "அங்கிள், உங்க இ.எஃப். 28."

காரணம் வெளிய எங்கயும் இல்ல. எட்டு வருஷமா எனக்கு ரத்த அழுத்தம். மாத்திரை கொடுத்திருந்தாங்க. தலைவலி வந்தா போடுவேன், இல்லன்னா விட்டுடுவேன். மிஷினுக்கு மாசாமாசம் சர்வீஸ் பாக்கலன்னா லைன்ல இருக்குற பசங்களைத் திட்டுறவன் நான். என் சொந்த மிஷினை எட்டு வருஷம் சர்வீஸ் பாக்காம ஓட்டியிருக்கேன்.

"ஃபெயில்"னா முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல

அந்த வார்த்தையைக் கேட்டதும் என் வீட்டம்மா அங்கயே அழுதுட்டாங்க. இதயம் நின்னுடும்னு நினைச்சாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் ஒரு நர்ஸ் பொறுமையா விளக்கினாங்க. எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். நான் டாக்டர் இல்ல, எஸ்.பி.எம். வரைக்கும் படிச்ச சூப்பர்வைசர். அதனால என் பாஷையில வரும்.

இதயம் ஒரு பம்ப். ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ள நிறையுற ரத்தத்துல எவ்வளவு வெளிய தள்ளுதுன்ற கணக்குதான் இ.எஃப். இதுல 100 எடுக்குற ஆளே கிடையாது. நல்ல இதயமே ஏறக்குறைய 55-லிருந்து 70 வரைக்கும்தான் தள்ளும். 40-க்குக் கீழ போனா பம்ப் பலவீனம். அதனால 28-ன்னா 72 செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. பம்ப் ஓடுது, தேவையான அளவு தள்ளல, அவ்வளவுதான். இன்னொரு வகையும் இருக்கு. அதுல இந்த எண் நல்லாவே இருக்கும், ஆனா இதயத் தசை இறுகிப்போய் ரத்தம் சரியா நிறையாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், உடல் பருமன் உள்ளவங்களுக்கு அந்த வகை அதிகமா வரும். எண் நல்லா இருக்குன்னு அவங்களும் சும்மா இருந்துட முடியாது.

பம்ப் பலவீனமானா உடம்பு என்ன செய்யுது தெரியுமா? லைன்ல உற்பத்தி குறைஞ்சா விவரம் தெரியாத மேனேஜர் என்ன செய்வார்? "இன்னும் வேகமா ஓட்டு"ன்னு கத்துவார். உடம்பும் அதையேதான் செய்யுது. ரத்தம் பத்தலன்னு நினைச்சு இதயத்தை வேகமா அடிக்க வைக்குது, ரத்தக் குழாயை இறுக்குது, சிறுநீரகத்தை உப்பையும் தண்ணியையும் வெளிய விடாம பிடிச்சு வைக்கச் சொல்லுது. அந்தத் தண்ணிதான் கால்ல வீக்கம், நுரையீரல்ல மூச்சுத் திணறல். ஏற்கெனவே களைச்சுப் போன பம்ப் மேல இன்னும் சுமை ஏறுது.

இப்ப இருக்குற மருந்துங்க என்ன செய்யுதுன்னா, அந்தக் கத்துற மேனேஜரை உக்கார வைக்குது. என்னை மாதிரி எண் குறைஞ்சவங்களுக்கு முக்கியமா நாலு வகை. குழாயை இளக்கி சுமையைக் குறைக்குறது ஒண்ணு. துடிப்பை நிதானமாக்குற பீட்டா பிளாக்கர் ஒண்ணு. ஸ்பைரோனோலாக்டோன் வகை ஒண்ணு. நாலாவது, சர்க்கரைக்குன்னு வந்த மருந்து. அது இதயத்துக்கும் உதவுதுன்னு 2019-லிருந்து வந்த பெரிய ஆய்வுகள்ல தெரிஞ்சதால சர்க்கரை இல்லாதவங்களுக்கும் இப்ப கொடுக்குறாங்க. இது போக நீரை வெளியேத்துற தண்ணி மாத்திரை. எல்லாத்தையும் சின்ன அளவுல ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவாங்க. முதல் ரெண்டு மாசம் எனக்குத் தலை சுத்தல், சோர்வு. விட்டுடலாமான்னுகூட இருந்துச்சு. விடல. போய்ச் சொன்னேன், அளவை மாத்திக் கொடுத்தாங்க.

பத்து மாசம் கழிச்சு மறுபடி எக்கோ. 28 இருந்த எண் 43.

அன்னைக்கு ஆஸ்பத்திரி கார் பார்க்குல உக்காந்து நானும் வீட்டம்மாவும் அழுதோம். எல்லாருக்கும் இப்படி ஏறும்னு சொல்ல முடியாது. சிலருக்கு எண் அப்படியே இருக்கும், ஆனா மூச்சு சரியாகும், ஆஸ்பத்திரியில போய்ப் படுக்குறது குறையும். அதுவும் முன்னேற்றம்தான்.

பந்தல் அண்ணன்

இப்ப சொல்லப் போறது எனக்குக் கஷ்டமான பகுதி.

நம்ம தண்ணீர்ப் பந்தலை ரொம்ப வருஷம் முன்னால நின்னு நடத்தின அண்ணன் ஒருத்தர் இருந்தாரு. பழைய ஆளுங்களுக்கு யாருன்னு தெரியும். அவருக்கு என் நோய்க்கு முன்னாடியே இதே நோய். 2019 தைப்பூசத்துக்குக் காவடி எடுக்குறேன்னு 48 நாள் விரதம் ஆரம்பிச்சாரு. விரதத்தோட மாத்திரையையும் நிறுத்திட்டாரு. மூணு காரணம் சொன்னாரு. ஒண்ணு, மாத்திரையில மாட்டு ஜெலட்டின் இருக்கும், விரதத்துல கூடாது. ரெண்டு, தண்ணி மாத்திரை போட்டா அரை மணிக்கு ஒருதரம் டாய்லெட் போகணும், பூஜையில நிக்க முடியாது. மூணு, முருகன் பாத்துக்குவான்.

அந்த மூணாவது காரணத்தைச் சொன்னது அவர் இல்ல. நான். "48 நாள்தானே அண்ணே, முருகன் பாத்துக்குவான்"னு நான்தான் தட்டிக் கொடுத்தேன். அது வைராக்கியம்னு நினைச்சேன்.

அஞ்சாவது வாரம் ராத்திரியில அவருக்கு மூச்சு முட்டிப்போச்சு. மூணு நாள் ஐ.சி.யு. அதுக்கப்புறம் இல்ல. மருந்து நின்னதால நுரையீரல் முழுக்கத் தண்ணின்னு டாக்டர் சொன்னதா அவர் மகள் சொல்லுச்சு. அந்தப் பிள்ளை என்னைக் குறை சொல்லல. குறை சொல்லியிருந்தா கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்.

அவர் சொன்ன காரணம் எல்லாத்துக்கும் பதில் இருந்துச்சு. நாங்க யாருமே கேக்கல. ஜெலட்டின் பெரும்பாலும் கேப்சூல் மேலுறையில வர்றது. இதய நோய்க்குக் கொடுக்குறதுல நிறைய சாதாரண மாத்திரைதான். சந்தேகம் இருந்தா மருந்து கொடுக்குற கவுண்டர்லயே கேக்கலாம், மாத்து இருக்கான்னு பாத்துச் சொல்வாங்க. தண்ணி மாத்திரையை எந்த நேரத்துல போடலாம்னு டாக்டரைக் கேட்டா பூஜை நேரத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுப்பாங்க. நானே இப்ப வெள்ளிக்கிழமையில அப்படித்தான் போடுறேன். முருகன் பாத்துக்குவான்றதுக்கு என் பதில்: அந்த மாத்திரையைக் கையில கொடுத்ததும் அவன்தான்.

விரதம் வேணாம்னு நான் சொல்லல. சைவமா இருங்க, ஒருவேளை சாப்பாட்டைக் குறைங்க, தரையில படுங்க, அசைவத்தை ஜென்மத்துக்கும் விடுங்க. ஆனா மாத்திரையை விடாதீங்க. முக்கியமா பீட்டா பிளாக்கரைத் திடீர்னு நிறுத்துறது ஆபத்து. தண்ணிகூட குடிக்காத முழு விரதம் இருக்கணும்னா முன்கூட்டியே டாக்டர்கிட்ட கேளுங்க. தண்ணி மாத்திரையும் நான் சொன்ன அந்த சர்க்கரை வகை மருந்தும் போடுறவங்க ஒண்ணும் சாப்பிடாம, குடிக்காம இருந்தா உடம்பு வேற மாதிரி விபரீதமாகும்.

"எனக்குத்தான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?"ன்னு கேக்குறவங்களுக்கும் ஒண்ணு. இங்கிலாந்துல ஒரு ஆய்வு செஞ்சு 2018-ல வெளியிட்டாங்க. இதயத் தசை பலவீனமாகி, மருந்தால எண் நல்லபடியா ஏறி, எந்தத் தொந்தரவும் இல்லாம இருந்த ஏறக்குறைய 50 பேரை எடுத்தாங்க. டாக்டருங்க பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டே, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தினாங்க. நிறுத்தின ஆறு மாசத்துல பத்துல நாலு பேருக்கு நோய் திரும்பிடுச்சு. டாக்டர் மேற்பார்வையில நிறுத்தினவங்களுக்கே இந்த நிலைமை. என் 43-ஐத் தாங்கிக்கிட்டு நிக்குறது அந்த மாத்திரைதான்னு அப்பதான் எனக்கு உறைச்சது.

தினசரி கேலண்டர்ல ஒரு எண்

என் வாழ்க்கையை மாத்தினது பெரிய விஷயம் எதுவும் இல்ல. 40 வெள்ளிக்கு வாங்கின ஒரு எடை மிஷின். காலையில எழுந்து, டாய்லெட் போயிட்டு, சாப்பிடுறதுக்கு முன்னாடி ஏறி நிப்பேன். ராகுகாலம் எமகண்டம் பாக்குற அந்தத் தினசரி கேலண்டர் தாள்லயே எடையையும் எழுதிடுவேன். மூணு நாளைக்குள்ள 2 கிலோ ஏறினா அது கொழுப்பு இல்ல, தண்ணி. உடனே ஆஸ்பத்திரிக்குத் தெரியப்படுத்தணும்.

போன வருஷம் தீபாவளிக்கு அது நடந்துச்சு. ரெண்டு நாள் ஓப்பன் ஹவுஸ். முறுக்கு, மிக்சர், ஊறுகாய், ஒரு வீட்டுல பிரியாணி. மூணாவது நாள் காலையில 2.3 கிலோ கூடியிருந்துச்சு. மூச்சு அப்ப நல்லாத்தான் இருந்துச்சு, கால் வீக்கமும் பெருசா இல்ல. பழைய நான்னா கண்டுக்காம வேலைக்குப் போயிருப்பேன். அன்னைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன், வரச் சொன்னாங்க, தண்ணி மாத்திரையை நாலு நாளைக்கு மட்டும் மாத்திக் கொடுத்தாங்க. அட்மிட் ஆகாம தப்பிச்சேன். உடம்பு சொல்றதுக்கு முன்னாடியே மிஷின் சொல்லிடுச்சு.

உப்பு: நம்ம சமையல்கட்டுக்கு ஒரு வார்த்தை

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் கீழ இருக்கச் சொல்லுது. ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். சமையல்ல போடுறது, ஊறுகாய்ல இருக்குறது, கிச்சாப்ல, பிஸ்கட்ல, மேகியில இருக்குறது எல்லாம் சேத்து அந்த ஒரு டீஸ்பூன். நம்ம நாட்டுல ஆளுங்க சராசரியா கிட்டத்தட்ட 8 கிராம் சாப்பிடுறதா சுகாதார அமைச்சோட ஆய்வு சொல்லுது.

இப்ப நம்ம பந்தியை நினைச்சுப் பாருங்க. சாம்பார்ல உப்பு, ரசத்துல உப்பு, ரெண்டு கறியில உப்பு, மோர்ல உப்பு, அப்பளத்துல உப்பு, ஊறுகாய் உப்பிலேயே ஊறினது, இலை ஓரத்துல இன்னும் ஒரு சிட்டிகை உப்பு. "சைவம்தானே, உடம்புக்கு நல்லது"ன்னு நாமளே சொல்லிக்குறோம். சைவம் நல்லதுதான். ஆனா உப்புக்கு சைவம், அசைவம் தெரியாது. ஒரே ஒரு பந்தியில ஒரு நாள் உப்பும் உள்ள போயிடும்.

"உப்பைக் குறைச்சா ருசி போயிடும், பக்தர்கள் குறை சொல்வாங்க"ன்னு கமிட்டியில ஒரு அண்ணன் சொன்னாரு. நியாயமான கேள்விதான். அதனால புரட்டாசி சனிக்கிழமை ஒண்ணுல சமையல் மாஸ்டரும் நானும் யாருக்கும் சொல்லாம சாம்பார்லயும் ரசத்துலயும் வழக்கமா போடுறதுல மூணுல ஒரு பங்கைக் குறைச்சோம். புளி, மிளகு, சீரகம், கொத்தமல்லியைத் தாராளமா போட்டோம். அன்னைக்குச் சாப்பிட்ட அவ்வளவு பேர்ல உப்பு கேட்டது ரெண்டே பேர். அதுல ஒருத்தர் அந்த அண்ணன்.

கடையில விக்கிற "உப்பு குறைஞ்ச உப்பு" பத்தியும் சொல்லிடுறேன். அதுல நிறைய வகையில சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம் இருக்கும். ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மாத்திரை போடுறவங்களுக்கு, சிறுநீரகம் பலவீனமானவங்களுக்கு ரத்தத்துல பொட்டாசியம் ஏறினா இதயத் துடிப்பே தடுமாறும். இளநீரும் அப்படித்தான், பொட்டாசியம் அதிகம். தைப்பூசத்துல வெயிலுக்கு நல்லதுன்னு நாலஞ்சு இளநீரை வரிசையா குடிக்காதீங்க. எவ்வளவு குடிக்கலாம்னு உங்க ரத்தப் பரிசோதனையைப் பாக்குற டாக்டர்தான் சொல்ல முடியும். தண்ணி அளவும் அப்படியே. எனக்கு ஒன்றரை லிட்டர்னு சொல்லியிருக்காங்க. என் அளவு உங்களுக்கு இல்ல.

முட்டிவலிக்கும் இடுப்புவலிக்கும் கடையில வாங்கிப் போடுற மாத்திரைங்க இருக்கே, டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை, அது உடம்புல உப்பையும் தண்ணியையும் சேத்து வைக்கும். எங்களுக்கு விஷம் மாதிரி. பதிவு நம்பர் இல்லாத மூட்டுவலி ஜாமு, பொடி, உருண்டைக்குள்ள என்ன கலந்திருக்குன்னு யாருக்கும் தெரியாது. சுகாதார அமைச்சு சோதிச்சப்ப சிலதுல ஸ்டீராய்டு இருந்திருக்கு. "பாதயாத்திரைக்கு முன்னாடி ஒண்ணு போட்டுக்கோ"ன்னு ஒருத்தருக்கொருத்தர் மாத்திரை கொடுக்குற பழக்கத்தைத் தயவுசெஞ்சு விடுங்க.

பிரகாரம்தான் எனக்கு ஜிம்

இதயம் பலவீனம்னா படுத்தே கிடக்கணும்னு நினைக்குறவங்க இன்னும் இருக்காங்க. என் அம்மா என்னை ஒரு மாசம் எழுந்திருக்கவே விடல. உண்மையில, நிலைமை சீரானதும் டாக்டரே நடக்கச் சொன்னாங்க. முதல் வாரம் வெறும் அஞ்சு நிமிஷம். நம்ம கோயில் உள் பிரகாரத்துல மூணு சுத்து, அப்புறம் தூணோரம் உக்காந்துக்குவேன். வாரத்துக்கு ஒரு சுத்தா கூட்டினேன். இப்ப காலையில அரை மணி நேரம் நடக்குறேன். கணக்கு ஒண்ணுதான்: நடக்கும்போது பக்கத்துல வர்றவரோட பேச முடியணும். பேச முடியலன்னா வேகம் அதிகம். நெஞ்சு வலிச்சா, தலை சுத்தினா உடனே நிறுத்திடணும்.

தண்ணீர்மலைப் படி ஐந்நூறுக்கும் மேல. இப்ப நான் ஏறுறதில்ல. முதல் வருஷம் கீழே நின்னு கும்பிட்டப்ப கண்ணு கலங்குச்சு, வெக்கமாவும் இருந்துச்சு. வருஷா வருஷம் பால்குடத்தோட முன்னால ஓடினவன் நான். இப்ப வெக்கம் இல்ல. என்னால ஏற முடியலன்னு ஏத்திவிட்டவனுக்குத் தெரியாதா?

வேலையிலயும் வாயைத் திறந்து சொன்னேன். சொன்னா வேலை போயிடும்னு பயந்துதான் ஆறு மாசம் மறைச்சேன். டாக்டர் கடிதத்தோட போனேன். நைட் ஷிப்ட்டை எடுத்துட்டாங்க, மேசையைக் கீழ்த்தளத்துக்கு மாத்திட்டாங்க. எல்லா ஃபேக்டரியிலும் இப்படி நடக்கும்னு சொல்ல முடியாது, ஆனா கேக்காம யாருக்கும் கிடைக்காது. ராத்திரியில தூக்கம் வராம, செத்துடுவோமோன்னு பயம் வர்றது இந்த நோய்ல சகஜம். அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. நம்ம ஆம்பளைங்க மூச்சு வாங்குதுன்னுகூட சொல்லிடுவோம், பயமா இருக்குன்னு சொல்ல மாட்டோம்.

நிர்வாகத்துக்கு என் கோரிக்கை

தலைவர், செயலாளர், கமிட்டி அன்பர்களே, வர்ற தைப்பூசத்துக்கு முன்னாடி இந்த அஞ்சு விஷயத்தைக் கூட்டத்துல எடுத்துப் பேசணும்னு கேட்டுக்குறேன். பெரிய செலவு எதுவும் இல்ல.

1. அன்னதானத்துல உப்பைக் குறைச்சே சமைப்போம். வேணும்ங்கிறவங்களுக்கு மேசையில உப்பு இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம் கேட்டா மட்டும் வைப்போம்.

2. பரிமாறுறவங்க "போதுமா?"ன்னு ஒரு தடவை கேக்கட்டும். போதும்னா விட்டுடட்டும். இலையில மிச்சம் வைக்கிறதுதான் பாவம், அளவா வாங்குறது பாவம் இல்ல.

3. விரதத்துக்குப் பேர் எழுதும்போதே, காப்பு கட்டும்போதே, "மருந்து சாப்பிடுறவங்க நிறுத்தாதீங்க, டாக்டரைப் பாத்துட்டு வாங்க"ன்னு குருக்கள் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். நாங்க ஆயிரம் பேர் சொல்றதைவிட அவர் ஒரு தடவை சொன்னா எடுபடும்.

4. மண்டபத்துல சுவரோரம் இருபது நாற்காலி எப்பவும் இருக்கட்டும். முக்கியப் பிரமுகர் வந்தா எடுக்குற நாற்காலி இல்ல. உக்காந்து கும்பிடுறவங்களை யாரும் ஒரு மாதிரி பாக்காதீங்க.

5. வருஷா வருஷம் ரத்த தான முகாம் நடத்துறோம். அதே நாள்ல ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாக்க ஏற்பாடு செய்வோம். எனக்கு 40 வயசுல யாராவது பிடிச்சு உக்கார வச்சு, மாத்திரையை ஒழுங்கா போடுறியான்னு கேட்டிருந்தா இந்தப் பதிவு வந்திருக்காது.

"கோயில் சாமி கும்பிடுற இடம், ஆஸ்பத்திரி இல்ல"ன்னு சிலர் சொல்வீங்க. சரிதான். ஆனா கோயிலுக்கு வர்றவன் உடம்போடதான் வர்றான். அவனை அடுத்த வெள்ளிக்கிழமையும் வர வைக்குறதும் ஒரு தொண்டுதான்.

கடைசியா, படிக்குற நீங்க ஒவ்வொருத்தரும். படி ஏறினா முன்ன மாதிரி இல்லாம மூச்சு வாங்குதா? படுத்தா இருமல், உக்காந்தா சரியாகுதா? ராத்திரி நடுவுல மூச்சு முட்டி எழுந்திருக்கிறீங்களா? கால்ல அழுத்தினா குழி விழுதா? காரணம் தெரியாம எடை கூடுதா? கேஸ்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. பக்கத்துல இருக்குற கிளினிக் கெசிஹாத்தான்ல 1 வெள்ளிதான். அங்கிருந்து கடிதம் கொடுத்து அனுப்பினா அரசாங்க ஆஸ்பத்திரி ஸ்பெசலிஸ்ட்டுக்கு 5 வெள்ளி. ஒரு அர்ச்சனைச் சீட்டு காசு. போய், எல்லாத்தையும் மறைக்காம சொல்லுங்க. உக்காந்திருக்கும்போதே மூச்சு முட்டினா, நெஞ்சு வலிச்சா, மயக்கம் வந்தா 999.

சாம்பார் அக்காவுக்கு: அடுத்த வெள்ளிக்கிழமை நான் உங்க வரிசையிலதான் உக்காருவேன். ஒரே ஒரு கரண்டி ஊத்துங்க. வேணாம்னு மறைக்க மாட்டேன். ரெண்டாவது கரண்டிக்கு நீங்களே சிரிச்சுக்கிட்டு தாண்டிப் போயிடுங்க. பந்தல் அண்ணனுக்கு நான் செய்யாததை நீங்க எனக்குச் செஞ்ச மாதிரி இருக்கும்.

வீட்டுல பெரியவங்க இருந்தா இதை வாசிச்சுக் காட்டுங்க. குடும்பக் குழுவுல பகிருங்க. தப்பா ஏதாவது சொல்லியிருந்தா மன்னிச்சுக்கோங்க.

முருகன் துணை.